பூப்போட்ட தட்டின் பின்பக்கம்

நீல நிறத்தில் பூப்போட்ட பழைய இங்கிலாந்துத் தட்டு ஒன்று கையில் கிடைத்தால், நடுவில் உள்ள மாளிகையையும் ஏரியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள். சுற்றி ஓடும் பூங்கொடியை ஆள்காட்டி விரலால் தொடர்ந்துகொண்டே போனால், ஓரிடத்தில் ஒரு ரோஜா பாதியில் நின்றுபோயிருக்கும். மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஓர் இலை தொடங்கும். சில தட்டுகளில் ஒரு கொடியின் மேல் இன்னொரு கொடி ஏறி உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் ஊசி நுழையும் அளவுக்கு வெள்ளை இடைவெளி தெரியும்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் அப்படி ஒரு தட்டை எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் தானாகவே முன்வந்து, அந்த இடத்தில் படம் சரியாக விழவில்லை, வேண்டுமானால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். நான் வாயைத் திறக்காமல் குறைந்த விலைக்கே வாங்கிக்கொண்டேன். உண்மையில் நான் தேடியது அந்த ஒட்டைத்தான். ஒரு காகிதப் பட்டையின் இரண்டு முனைகள் சந்தித்த இடம் அது. விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் பிரிட்டனிலிருந்து உலகமெங்கும் கப்பலேறிய பூப்போட்ட சாப்பாட்டுப் பாத்திரங்களைப் புரிந்துகொள்ள அந்த ஒட்டில் தொடங்குவதுதான் எளிது.

இவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் தூரிகையால் படம் வரையவில்லை. படத்தைக் காகிதத்தில் அச்சடித்து, அந்தக் காகிதத்தைத் தட்டில் ஒட்டி உரித்தார்கள். சிறுவயதில் பபிள்கம் உறையோடு வந்த படத்தைத் தண்ணீரில் நனைத்துக் கையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதே வித்தைதான். அதைச் செய்த அளவுதான் பிரமிக்க வைக்கிறது.

பீங்கான் என்று சொல்லலாமா?

வெள்ளையாக, வழவழப்பாக, தட்டினால் ஒலிக்கிற எதையும் நாம் பீங்கான் என்றுதான் சொல்கிறோம். பாரசீகத்தில் ‘பிங்கான்’ என்றால் கிண்ணம். மலாய் மொழியில் ‘பிங்கான்’ என்றால் தட்டு. கடல் வாணிபத்தோடு அலைந்து திரிந்த சொல் இது. ஆனால் கறாராகப் பார்த்தால் உண்மையான சீனப் பீங்கான் வேறு, இந்த ஏற்றுமதித் தட்டுகள் வேறு.

சீனப் பீங்கானை விளக்குக்கு முன் பிடித்தால் உங்கள் விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி செய்யப்பட்ட ஸ்டாஃபர்ட்ஷயர், நடு இங்கிலாந்தில் உள்ள ஒரு மாவட்டம். அந்த ஸ்டாஃபர்ட்ஷயர் தட்டைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அது சுட்ட மண். நல்ல வெள்ளை மண், அவ்வளவுதான். விளிம்பில் எங்காவது பெயர்ந்திருந்தால் உள்ளே பாருங்கள்: சுண்ணாம்புக் கட்டியைப் போல மங்கலான, ஈரத்தை உறிஞ்சும் பரப்பு தெரியும். தண்ணீர் கசியாமல் காப்பது மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சு மட்டுமே.

அந்த வெள்ளை மண்ணும் உள்ளூரில் கிடைத்ததில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து ‘சீனக் களிமண்’ என்று பெயர் பெற்ற வெள்ளைக் களிமண். டெவன், டார்செட் பகுதிகளிலிருந்து இழுவைத் தன்மையுள்ள இன்னொரு களிமண். கடற்கரைகளிலிருந்து சக்கிமுக்கிக் கல். கல்லைச் சூளையில் சுட்டு, மாவாக அரைத்துக் களிமண்ணோடு கலப்பார்கள். அதுதான் வெண்மையையும் உறுதியையும் கொடுத்தது. எல்லாமே வெளியூர்ச் சரக்கு என்றால் தொழில் எதற்காக நடு இங்கிலாந்தில் போய் உட்கார்ந்தது? நிலக்கரிக்காக. ஒரு பாத்திரத்தைச் சுட்டு முடிப்பதற்குள் மண்ணின் எடையைப் போலப் பல மடங்கு நிலக்கரி எரிந்துவிடும். நிலக்கரியை மண்ணிடம் சுமந்து போவதைவிட மண்ணை நிலக்கரியிடம் கொண்டுவருவது மலிவு. டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் நிலக்கரியின் மேல் உட்கார்ந்திருந்தன. இன்று அவை சேர்ந்துதான் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரம்.

1777-இல் திறக்கப்பட்ட டிரென்ட்-மெர்சி கால்வாய் இந்த ஊர்களைக் கடலோடு இணைத்தது. குண்டும் குழியுமான சாலையில் குதிரை வண்டியில் ஏற்றிய தட்டுகளில் எத்தனை முழுசாகப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். படகில் அந்தக் குலுக்கல் இல்லை. உள்ளே களிமண் வந்தது, வெளியே லிவர்பூல் துறைமுகத்துக்குத் தட்டு போனது.

காகிதம் செய்த வேலை

அச்சுப்பட வேலையைப் படிப்படியாகப் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடமும் இதுதான்.

செதுக்குபவர் ஒரு செப்புத் தகட்டில் படத்தைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் குடைகிறார். ஆழமாகக் குடைந்தால் அடர்நீலம், மேலோட்டமாகக் குடைந்தால் வெளிர்நீலம். வானத்துக்கு நெருக்கமில்லாத புள்ளிகள், மரத்தின் நிழலுக்கு ஆழமான கோடுகள். இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுமட்டுமில்லை, பெரிய தட்டுக்கு ஒரு தகடு, சின்னத் தட்டுக்கு ஒரு தகடு, சூப் கிண்ணத்துக்கு, குழம்புக் கிண்ணத்துக்கு, மூடிக்கு என்று அளவு மாறினால் தகடும் மாற வேண்டும். ஒரு முழு விருந்துத் தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கும். ஆகவே புதிய படம் ஒன்றை இறக்குவது முதலாளிக்குப் பெரிய முதலீடு. ஆனால் தகடு தயாரான பிறகு அதே படத்தை ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். புத்தகம் அச்சடிக்கிற கணக்குதான்: முதல் படிக்கு ஆகிற செலவு மிரட்டும், அடுத்த படிகளுக்கு ஆகிற செலவு சில்லறை.

அச்சிடுபவர் தகட்டை அடுப்பின் மேல் சூடாக்குகிறார். கோபால்ட் சேர்ந்த நிறப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தகட்டில் தேய்க்கிறார். பிறகு மேற்பரப்பை வழித்துத் துடைத்துவிட்டால் குடைந்த பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். சோப்புக் கரைசலில் நனைத்த மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தினால் படம் காகிதத்துக்கு வந்துவிடும்.

ஈரம் காய்வதற்குள் அடுத்த கை. ஒரு சிறுமி கத்தரிக்கோலால் விளிம்புப் பட்டையையும் நடுப்படத்தையும் தனித்தனியாக வெட்டித் தருகிறாள். அடுத்து நிற்கும் பெண்தான் இதில் முக்கியமான ஆள். ஒருமுறை சுட்டு எடுத்த, இன்னும் பூச்சு ஏறாத தட்டு அவள் முன்னால் இருக்கிறது. தொழிலாளர்கள் அதை ‘பிஸ்கட்’ என்பார்கள். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு உறிஞ்சும் தன்மை உள்ளது. அதனால் ஒருமுறை காகிதம் பட்டுவிட்டால் நகர்த்த முடியாது. நிறம் உடனே பிடித்துக்கொள்ளும். தட்டையான பட்டையை வளைந்த விளிம்பில் சுருக்கம் விழாமல் சுற்றிக்கொண்டு வந்து, முனையும் முனையும் சேரும் இடத்தில் மிச்சத்தைக் கிழித்துவிட வேண்டும். அடுத்த தட்டு காத்திருக்கிறது. எத்தனை உருப்படி என்பதைப் பொறுத்துத்தான் கூலி. ரோஜா பாதியில் நிற்பது இந்த அவசரத்தில்தான். தேர்ந்த பெண்கள் ஒட்டு விழும் இடத்தைப் பெரிய இலையின் பின்னால் ஒளித்துவைத்தார்கள். கிண்ணத்தில் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு விறைப்பான தூரிகையால் காகிதத்தின் முதுகை அழுத்தித் தேய்ப்பார்கள். தட்டைத் தண்ணீரில் முக்கினால் காகிதம் மிதந்து வந்துவிடும், எண்ணெய்ப் பசையுள்ள நிறம் தட்டிலேயே தங்கும். மிதமான சூட்டில் ஒருமுறை சுட்டு எண்ணெயை எரித்துவிட்டு, பூச்சுக் கரைசலில் முக்கி, மறுபடி சூளைக்கு அனுப்புவார்கள். பூச்சு உருகிக் கண்ணாடியாகும்போது படம் அதன் அடியில் அடைபட்டுவிடும். எத்தனை வருடம் தேய்த்துக் கழுவினாலும் அழியாத படம் என்று விற்க முடிந்தது இதனால்தான்.

ஏன் இத்தனை நீலம் என்று கேட்டால், சூளைச் சூட்டுக்கு அசராத நிறம் கோபால்ட் நீலம் என்பது முதல் காரணம். பச்சை, இளஞ்சிவப்பு, பழுப்பு, ஊதா எல்லாம் பூச்சுக்கு அடியில் நிலைத்து நிற்கப் பழகிக்கொண்டது 1820-களுக்குப் பிறகுதான். இரண்டாவது காரணம் வியாபாரம். நீலமும் வெள்ளையும் என்றால் சீனா, சீனா என்றால் உயர்ந்த சரக்கு என்று வாங்குகிறவர்கள் மனதில் ஏற்கெனவே பதிந்திருந்தது.

பார்க்காத ஊரின் படம்

கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை 1791-இல் நிறுத்திக்கொண்டது. அந்த வெற்றிடத்தில் புகுந்தவர்கள்தான் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள். பூச்சுக்கு அடியில் நீல அச்சுப் படத்தைப் பதிக்கும் முறையை ஜோசையா ஸ்போட் 1780-களில் அங்கே பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். தொங்கும் வில்லோ மரம், பாலத்தில் மூன்று உருவங்கள், மேலே இரண்டு பறவைகள் என்ற பிரபலமான படம் அந்த நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. ஓடிப்போன காதலர்கள் பறவைகளாக மாறினார்கள் என்று அதற்கு ஒரு சீனப் பழங்கதையும் சொல்வார்கள். கதையும் இங்கிலாந்திலேயே கட்டியதுதான். தட்டு முதலில், கதை பிறகு.

சீனப் படங்கள் சலித்தபோது பயணப் புத்தகங்களிலும் வேட்டைப் புத்தகங்களிலும் வந்த படங்களைப் பார்த்து அப்படியே தகட்டில் ஏற்றினார்கள். இந்தியாவில் நடந்த புலிவேட்டை, யானை வேட்டைக் காட்சிகள் ஸ்போட் தட்டுகளில் வந்தது அப்படித்தான். 1807-இல் வெளியான ஒரு படப்புத்தகம் அதற்கு மூலம். 1842-இல் பதிப்புரிமைச் சட்டம் இறுகியது. இனி அடுத்தவர் படத்தை எடுக்க முடியாது. என்ன செய்தார்கள்? இல்லாத ஊர்களைக் கற்பனை செய்தார்கள். விக்டோரியா காலத் தட்டுகளில் ஓர் இத்தாலிய மாடம், ஒரு சுவிஸ் மலை, ஒரு துருக்கிக் கோபுரம், முன்னால் பூச்சாடி, நடுவில் ஏரி எல்லாம் ஒரே காட்சியில் கூடியிருப்பதன் பின்னணி இது. ஸ்டூடியோக்களில் முன்பு தொங்கிய திரைச்சீலை ஓவியத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ரகம்.

பெயர்களும் அப்படியே. படம் மங்கலாகக் கசிந்த நீலத் தட்டுகளில் ‘சிந்து’, ‘காஷ்மீர்’, ‘ஹாங்காங்’ என்று படங்களுக்குப் பெயர் வைத்தார்கள். டௌல்டன் நிறுவனம் ஒரு படத்துக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயரிட்டது. நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மயிலாப்பூர்க் குளத்தைத் தேடிப் போகாதீர்கள். பெயருக்கு அங்கே தூரத்து வாசனை என்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

யாருக்கு என்ன பிடிக்கும்

இந்தத் தொழிலின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. மண் ஒன்று, சூளை ஒன்று, கூலி ஒன்று. தகட்டை மட்டும் மாற்றினால் வேறொரு நாட்டுக்கான தட்டு.

மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 1812-இல் தொடங்கி 1815 வரை பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த நாடு. போர் முடிந்ததும் பர்ஸ்லெமைச் சேர்ந்த ஈனக் வுட் நிறுவனம் என்ன அச்சடித்தது தெரியுமா? பிரிட்டிஷ் கடற்படையை ஏரிப் போரில் தோற்கடித்த அமெரிக்கத் தளபதி மெக்டனோவின் வெற்றிக் காட்சியை. தன் நாட்டின் தோல்வியைத் தானே தட்டில் அச்சடித்து, ஜெயித்தவனுக்கு விற்றார்கள். நம் ஊரில் இதைப் பிழைக்கத் தெரிந்த பிள்ளை என்போம். அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்களோடு நின்று போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், 1824 ஆகஸ்டு 16 அன்று நியூயார்க்கில் வந்திறங்கிய காட்சியைக் குளூஸ் சகோதரர்கள் தட்டாக்கினார்கள். இவையெல்லாம் விக்டோரியா பட்டமேறுவதற்கு முன்னால் நடந்தவை. வாங்குபவரின் பெருமிதத்தை அவருக்கே விற்கலாம் என்ற பாடத்தை மட்டும் அடுத்த தலைமுறை விடாமல் பிடித்துக்கொண்டது.

விக்டோரியா காலத்தில் அமெரிக்க ரசனை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கசிவு நீலம். தட்டுகளைச் சூளையில் அடுக்கும் சுடுமண் பெட்டிக்குள் சில குளோரைடு உப்புகளையும் வைத்துச் சுட்டால், ஆவி கிளம்பிக் கோபால்ட்டைக் கசிய வைக்கும். கோடுகள் கலங்கி, மழையில் நனைந்த கடிதத்தின் மை போலப் படம் பரவும். இங்கிலாந்தில் பலர் இதை அவ்வளவாக மதிக்கவில்லை. அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போனார்கள். தயாரிப்பவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. கசிந்த நீலத்தில் ஒட்டு தெரியாது, சுருக்கம் தெரியாது.

மறுபக்கம், படமே இல்லாத கனத்த வெள்ளைப் பாத்திரம். 1813-இல் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் காப்புரிமை வாங்கிய ‘அயர்ன்ஸ்டோன் சைனா’ வகையின் வாரிசுகள் இவை. பெயரில் இரும்பும் இருக்கிறது, சீனாவும் இருக்கிறது. இரும்புபோல உடையாது, சீனாபோல அழகு என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்லும் விளம்பரம் அது. புதிதாக நிலம் திருத்திக் குடியேறிய விவசாயக் குடும்பங்களுக்காக 1859-இல் எல்ஸ்மோர்-ஃபார்ஸ்டர் நிறுவனம் ‘சீரிஸ்’ என்ற வடிவத்தைப் பதிவு செய்தது. சீரிஸ் ரோமானியரின் தானிய தெய்வம். விளிம்பு முழுக்கக் கோதுமைக் கதிர்கள் புடைப்பாக எழும்பி நிற்கும். கதிரை அறுத்துவிட்டு வந்து உட்காருபவனுக்குத் தட்டிலும் கதிர்.

இந்தச் சரக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு மூழ்கிய படகு. ‘அரேபியா’ என்ற நீராவிப் படகு 1856 செப்டம்பரில் மிசௌரி ஆற்றில் மரத்துண்டு ஒன்றில் மோதி மூழ்கியது. காலப்போக்கில் ஆறு தடம் மாற, படகு கான்சாஸில் ஒரு வயலுக்கு அடியில் 45 அடி ஆழத்தில் புதைந்து கிடந்தது. 1988-இல் தோண்டியபோது கிடைத்த பீப்பாய்க்குள் இங்கிலாந்துப் பாத்திரங்கள் இருந்தன. சுற்றிலும் திணித்திருந்த வைக்கோல் அப்போதும் மஞ்சளாகவே இருந்ததாம். ஸ்டாஃபர்ட்ஷயரில் கால்வாய்ப் படகேறி, லிவர்பூலில் கப்பலேறி, கடல் கடந்து, ஆற்றுப் படகேறி, அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் இருந்த கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு.

கிழக்குப் பக்கம் வந்தால் இன்னும் சுவாரசியம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் பெல், மேத்யூ பெர்ஸ்டன் பெல் என்ற சகோதரர்கள் 1840-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நிறுவனம், அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாயா, ஜாவா, சுமத்ரா சந்தைகளைக் குறிவைத்தது. படங்களின் பெயர்களே சந்தையைச் சொல்லிவிடும்: ‘சுமத்ரா’, ‘போர்னியோ’, ‘செலிபிஸ்’. சிலவற்றுக்கு மலாய் மொழியிலேயே பெயர். ‘புருங் குப்பு’ என்பதில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. ‘தர்லாலு பாகுஸ்’ என்றால் ‘ரொம்ப ரொம்ப நல்லது’ என்று பொருள். கடைக்காரர் கூவி விற்க வேண்டிய வாசகத்தைக் கம்பெனியே தட்டின் முதுகில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்துச் சாப்பாட்டு மேசையில் கண்ணைக் கூசும் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய இளஞ்சிவப்பும் பச்சையும் இங்கே தாராளமாக வந்தன. பெல் நிறுவனத்துக்கு அந்தச் சந்தையில் போட்டியாக நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து பெட்ரஸ் ரெகூ நிறுவனமும் இருந்தது. இப்படி வந்த தட்டுகளில் எல்லாமே சோற்றுக்குப் பயன்பட்டதாகச் சொல்ல முடியாது. பாலித் தீவில் சில கோயில் சுவர்களில் ஐரோப்பியத் தட்டுகளை வரிசையாகப் பதித்திருப்பதைப் பார்க்கலாம்.

அச்சுக் காகிதம்கூடக் கட்டுப்படியாகாத சந்தைகளுக்கு இன்னொரு வழி இருந்தது. கடற்பஞ்சின் கெட்டியான அடிப்பகுதியில் பூவோ நட்சத்திரமோ வெட்டி, சாயத்தில் தோய்த்துத் தட்டில் ஒற்றி எடுப்பது. பள்ளியில் வெண்டைக்காயை வெட்டி மையில் தோய்த்துப் பூப்போட்டோமே, அதேதான். ஸ்காட்லாந்துப் பட்டறைகள் இதில் கெட்டி. கனடாவின் கியூபெக்கில் இந்தப் பாத்திரங்களை உள்ளூரிலேயே செய்தவை என்று நம்பி, ‘போர்ட்நெஃப்’ என்று பக்கத்து ஊரின் பெயரால் அழைத்துவந்தார்கள். பிறகுதான் பெரும்பகுதி ஸ்காட்லாந்துச் சரக்கு என்று தெரிந்தது. பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

சூளைக்குள் இருந்தவர்கள்

இத்தனை மலிவுக்கு யாரோ விலை கொடுத்தார்கள். 1841-இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி இந்த ஊர்களுக்கு வந்து, பட்டறைகளில் வேலை செய்த குழந்தைகளிடம் நேரில் வாக்குமூலம் வாங்கினார். தட்டு வனைபவரிடமிருந்து ஈரத் தட்டை அச்சோடு தூக்கிக்கொண்டு, அனல் வீசும் உலர்த்தும் அறைக்குள் ஓடி வைத்துவிட்டு, காலி அச்சோடு ஓடி வருவது சிறுவர்களின் வேலை. நாள் முழுக்க இதே ஓட்டம். குளிர்காலத்திலும் வியர்வையில் நனைந்த உடம்போடு வெளியே வருவார்கள். பட்டறைகளுக்குத் தொழிற்சாலைச் சட்டம் வந்து சேர்ந்தது 1864-இல்தான்.

பெரியவர்களுக்கு வேறு ஆபத்துகள். சக்கிமுக்கிக் கல்லின் தூசி நுரையீரலில் படிந்தது. பூச்சுக் கரைசலில் ஈயம் கலந்திருந்தது. அதில் கையை விட்டுப் பாத்திரத்தை முக்கி எடுத்தவர்களுக்கு முதலில் வயிற்றுவலி, பிறகு மணிக்கட்டு துவண்டு தொங்கும். வீட்டுக் கூரைகளுக்கு மேல் பாட்டில் வடிவில் எழுந்து நின்ற சூளைகள் ஊர் முழுக்கப் புகையைக் கக்கின. அவற்றில் இப்போது எஞ்சியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு. லாங்டனில் கிளாட்ஸ்டோன் அருங்காட்சியகத்தில் உள்ளேயே போய் நின்று பார்க்கலாம்.

திருப்பிப் பிடித்து வாசிப்பது

இப்போது தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். முதலில் விளிம்புக்கு அடியில் மூன்று இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக உரசல் தெரிகிறதா? பூச்சுச் சூளையில் தட்டும் தட்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்த மண்முளைகளின் தழும்பு அது. சேதம் என்று விலையைக் குறைக்கிற கடைக்காரர் இருந்தால் மறுக்காதீர்கள்.

அடுத்து முத்திரை. வைரம் போன்ற சாய்சதுரக் குறி, அதன் உச்சியில் ரோமானிய எண் 4 இருந்தால், 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவான வடிவம் என்று பொருள். நான்கு என்பது மண்பாண்ட வகுப்புக்கான எண். மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் நாள், மாதம், வருடத்தைக் குறிப்பவை. ஆனால் அது வடிவம் பதிவான தேதி. உங்கள் கையில் உள்ள தட்டு அதற்குப் பல வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் வைரக்குறி போய் வெறும் பதிவு எண் வந்தது.

‘இங்கிலாந்து’ என்ற சொல் தனியாக இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி வரிச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. எல்லாத் தட்டுகளிலும் பெயரைப் பொறிப்பது நிறுவனங்களுக்கு வசதியாக இருந்ததால் அமெரிக்கா போகாத தட்டுகளிலும் அந்தப் பெயர் ஏறியது. ‘இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது’ என்று முழு வாசகம் இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச சின்னத்தைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் தட்டு செய்த கம்பெனிகள்கூடத் தங்கள் சரக்கில் இதே போன்ற சின்னத்தைப் பொறித்துக்கொண்டன. இங்கிலாந்துத் தட்டு என்று நினைத்தால்தான் அமெரிக்கர்கள் வாங்கினார்கள்.

போலிகளும் உண்டு. புதிதாகச் செய்து, தேநீர்க் கறை ஏற்றி, பழைய பெயரைப் பெரிய எழுத்தில் பொறித்து விற்பார்கள். முத்திரை அளவுக்கு மீறிப் பெரிதாகவும், பூச்சு தடித்த பால்நிறமாகவும், விளிம்பில் எங்கேயும் ஒட்டு அகப்படாமலும் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. அசலான தட்டு என்று உறுதியாகிவிட்டால் அதில் சாப்பிட ஆசை வரும். வேண்டாம். அந்தப் பளபளப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். புளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்றவை பட்டால் அது மெல்ல இறங்கும், அதிலும் மேற்பூச்சு வலைவலையாக வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். நான் காரைக்குடியில் வாங்கிய தட்டை அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன், ஒட்டு விழுந்த ரோஜா மேலே தெரியும்படி. புளிக்குழம்புக்கு எவர்சில்வர் இருக்கிறது.